செயின்ட் அந்துவான் தெருவின் ஜாஸ்

ஜாஸ் என்றதும் நம்மில் பலருக்கு நியூ ஆர்லியன்ஸ், சிகாகோ, நியூயார்க் என்று அமெரிக்க நகரங்களே நினைவுக்கு வரும். அந்த வரிசையில் கனடாவின் மாண்ட்ரியலையும் சேர்க்க வேண்டும் என்று சொன்னால், ஆண்டுதோறும் கோடையில் நடக்கும் பிரமாண்டமான ஜாஸ் விழாவைத்தான் சொல்கிறோம் என்று நினைத்துக்கொள்வார்கள். விழா தொடங்கியது 1980இல். அதற்கு ஐம்பது, அறுபது ஆண்டுகளுக்கு முன்பே இந்நகரின் ரயில் நிலையங்களை ஒட்டிய ஓர் ஏழைக் குடியிருப்பில் ஜாஸ் வேர் பிடித்திருந்தது. அந்த வேர் எப்படிப் பிடித்தது, பிறகு எப்படி அறுந்தது, அறுந்ததை ஒட்டவைக்க யார் யார் என்ன செய்தார்கள் என்பதைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். ஓர் ஊரில் ஓர் இசை நிலைத்து நிற்க வேண்டுமானால் அதற்கு என்னவெல்லாம் தேவை என்பது இந்தக் கதையில் தெளிவாகத் தெரிகிறது. புலம்பெயர்ந்த மண்ணில் சங்கீதத்தையும் நாட்டியத்தையும் பிடித்துவைத்திருக்கும் நமக்கு இது அந்நியமான விஷயம் அல்ல.

நான் குடியிருக்கும் புரோசார்ட், செயின்ட் லாரன்ஸ் ஆற்றின் தென்கரையில் உள்ள புறநகர். 2023 ஜூலை இறுதியிலிருந்து இங்கிருந்து நகர மையத்துக்கு ஓட்டுநர் இல்லாத ரயில் ஓடுகிறது. ஆற்றைக் கடந்து மத்திய ரயில் நிலையத்தில் இறங்கி, மேற்கே சற்று நடந்தால் செயின்ட் அந்துவான் தெருவும் மலைத் தெருவும் சந்திக்கும் முனை வரும். இன்று அங்கே ஹாக்கி அரங்கத்தின் கூட்டமும் வாகன இரைச்சலும்தான். 1930களிலும் 40களிலும் கனடாவின் ஜாஸுக்குத் தலைநகரம் என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் அது இந்த முனைதான்.

ரயிலும் தேவாலயமும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கனேடிய பசிபிக் ரயில்வேயின் தலைமையிடம் மாண்ட்ரியல். விண்ட்சர் நிலையம் 1889இல் திறக்கப்பட்டது. தூங்கும் வசதி கொண்ட பெட்டிகளில் படுக்கை விரிக்கவும், பெட்டி தூக்கவும், செருப்புத் துடைக்கவும் 'போர்ட்டர்' எனப்படும் பணியாளர்கள் தேவைப்பட்டார்கள். இந்த வேலைக்குக் கறுப்பின ஆண்களையே ரயில்வே நிறுவனங்கள் எடுத்தன. அமெரிக்காவிலிருந்தும் நோவா ஸ்கோஷியாவிலிருந்தும் மேற்கிந்தியத் தீவுகளிலிருந்தும் வந்தவர்கள் நிலையத்துக்கு நடந்துபோகும் தொலைவில் குடியேறினார்கள். அப்படி உருவானதுதான் செயின்ட் அந்துவான் வட்டாரம். லிட்டில் பர்கண்டி என்ற இன்றைய பெயர் பரவலானது 1960களில்தான்.

படித்தவர்களுக்கும்கூட வேறு வேலை கிடைக்காத காலம் அது. பயணிகள் எல்லாப் போர்ட்டர்களையும் 'ஜார்ஜ்' என்றே அழைப்பார்கள். அது பெட்டிகளைத் தயாரித்த ஜார்ஜ் புல்மனின் பெயர். முதலாளியின் பெயராலேயே வேலையாளைக் கூப்பிடும் வழக்கம் எங்கிருந்து வந்திருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை. கனேடிய பசிபிக் ரயில்வேயில் போர்ட்டர்களின் தொழிற்சங்கம் முதல் ஒப்பந்தத்தைப் பெற 1945 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஆனாலும் அது மாதாமாதம் வரும் சம்பளம். அந்தச் சம்பளத்தின் மேல்தான் மற்ற எல்லாமும் எழுந்தன. 1902இல் போர்ட்டர்களின் மனைவியர் ஒரு மகளிர் சங்கம் தொடங்கினார்கள். 1907இல் போர்ட்டர்கள் தங்களுக்கென்று ஒரு தேவாலயத்தை நிறுவினார்கள். யூனியன் யுனைடெட் சர்ச் என்று பின்னாளில் பெயர் பெற்றது இதுதான். 1927இல் அந்தத் தேவாலயத்தின் நிழலிலேயே நீக்ரோ சமூக மையம் பிறந்தது. குழந்தைகள் பாடவும் வாசிக்கவும் ஆடவும் கற்றுக்கொண்ட இடங்கள் இவை. நியூயார்க்குக்கும் சிகாகோவுக்கும் போய்வந்த ரயில்கள் புதிய இசைத்தட்டுகளையும் புதிய செய்திகளையும் கொண்டுவந்தன. நம் ஊரில் கோயில் மானியமும் திருவிழாவும் நாகஸ்வரக் குடும்பங்களைத் தாங்கியதைப் போல, இங்கே ரயில்வே சம்பளமும் ஞாயிற்றுக்கிழமைத் தேவாலயமும் ஓர் இசைத் தலைமுறையைத் தாங்கின எனலாம்.

டெய்சி ஸ்வீனியின் மாணவர்கள்

டேனியல் பீட்டர்சன் அப்படிப்பட்ட ஒரு போர்ட்டர். மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து வந்தவர். தன் ஐந்து பிள்ளைகளும் இசை கற்றே ஆக வேண்டும் என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார். பல நாள் ரயில் பயணத்துக்குக் கிளம்பும்போது ஒவ்வொருவருக்கும் பாடம் கொடுத்துவிட்டுப் போவார். திரும்பியதும் வாசித்துக் காட்ட வேண்டும், தப்பினால் தண்டனை. அதிகாலை சாதகத்துக்கு எழுப்பப்பட்ட எவருக்கும் இந்த அப்பாவைத் தெரிந்திருக்கும்.

அவருடைய மகன்தான் ஆஸ்கார் பீட்டர்சன் (1925–2007). சிறுவயதில் காசநோய் வந்ததால் டிரம்பெட்டை விட்டுப் பியானோவுக்கு மாறியவர். அவருக்கு முதலில் கற்றுக்கொடுத்தவர் அக்கா டெய்சி. பின்னர் பால் டி மார்க்கி என்ற ஹங்கேரியப் பியானோ ஆசிரியரிடம் சேர்ந்தார். டி மார்க்கி, இஸ்த்வான் தொமானின் மாணவர். தொமான், ஃபிரான்ஸ் லிஸ்டின் நேரடி மாணவர். குரு பரம்பரையை விரல்விட்டு எண்ணும் நம்மவர்களுக்கு இது சுவாரசியமாக இருக்கும்: போர்ட்டரின் மகன் மூன்றே படிகளில் லிஸ்டைத் தொட்டுவிடுகிறார். பதினான்கு வயதில் சி.பி.சி. வானொலியின் தேசியப் போட்டியில் ஆஸ்கார் வென்றார். 1940களில் ஜானி ஹோம்ஸ் இசைக்குழுவின் ஒரே கறுப்பின உறுப்பினராக வாசித்தார். நகரின் பெரிய ஹோட்டல் ஒன்று அவரை மேடையேற்ற மறுத்தபோது, அவர் இல்லாமல் குழு வாசிக்காது என்று ஹோம்ஸ் உறுதியாக நின்றார்.

1949இல் அமெரிக்க நிகழ்ச்சி அமைப்பாளர் நார்மன் கிரான்ஸ், மாண்ட்ரியல் விமான நிலையத்துக்கு டாக்ஸியில் போய்க்கொண்டிருந்தபோது, விண்ட்சர் நிலையத்தருகே இருந்த ஆல்பர்ட்டா லவுஞ்சிலிருந்து ஒலிபரப்பான ஆஸ்காரின் வாசிப்பைக் கேட்டு வண்டியைத் திருப்பச் சொன்னார் என்பது ஜாஸ் உலகில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் கதை. அந்த ஆண்டு செப்டம்பரிலேயே ஆஸ்கார் நியூயார்க்கின் கார்னகி ஹாலில் வாசித்தார். கதையைச் சொல்பவர்கள் டாக்ஸியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். டாக்ஸிக்கு முன்னால் அப்பாவின் சம்பளம், அக்காவின் பாடம், வானொலி, தினமும் வாசிக்க ஒரு சிறிய விடுதி என்று இருபது வருட ஏற்பாடு இருக்கிறது.

அக்கா டெய்சி பீட்டர்சன் ஸ்வீனி (1920–2017) உலகப் புகழ் பெறவில்லை. அதே வட்டாரத்தில் பல ஆண்டுகள் பியானோ கற்றுக்கொடுத்தார். அவரிடம் படித்தவர்களில் ஒருவர் ஆலிவர் ஜோன்ஸ். பார்படோஸிலிருந்து வந்த பெற்றோருக்கு 1934இல் பிறந்தவர். ஐந்து வயதில் யூனியன் தேவாலயத்தில் பியானோ வாசித்தவர். இன்னொருவர் ஜோ சீலி. பிற்காலத்தில், 1974இல், கறுப்பின இளைஞர்களுக்கான பாடகர் குழு ஒன்றை உருவாக்குவதிலும் டெய்சிக்குப் பங்கு உண்டு. ஒரு தெருவிலிருந்து உலகத்தரமான பியானோக் கலைஞர்கள் இருவர் வந்ததற்குக் காரணம் தேடுபவர்கள் முதலில் டெய்சியின் வீட்டுக் கதவைத்தான் தட்ட வேண்டும்.

இரவு விடுதிகள்

கற்ற பிள்ளைகள் வாசிக்க இடம் வேண்டுமல்லவா? அதற்கு வரலாறு விசித்திரமான முறையில் உதவியது. 1920 முதல் 1933 வரை அமெரிக்கா முழுவதும் மதுவிலக்கு. கியூபெக் மாநிலமோ 1921இலேயே மது விற்பனையை அரசின் கட்டுப்பாட்டில் வைத்து அனுமதித்துவிட்டது. எல்லை தாண்டி மக்கள் வந்தார்கள், இசைக்கலைஞர்களும் வந்தார்கள். மாண்ட்ரியல் இரவெல்லாம் விழித்திருக்கும் நகரமானது.

ஜமைக்காவில் பிறந்து, ரயில்வே போர்ட்டராக வேலை பார்த்த ரூஃபஸ் ராக்ஹெட், நான் மேலே சொன்ன தெருமுனையில் 1928இல் 'ராக்ஹெட்ஸ் பாரடைஸ்' விடுதியைத் தொடங்கினார். சென்னையில் மியூசிக் அகாடமி தொடங்கப்பட்டதும் அதே ஆண்டில்தான். ஒன்று காங்கிரஸ் மாநாட்டையொட்டிப் பிறந்த மரியாதைக்குரிய சபை. மற்றொன்று மதுவும் நடனமும் உள்ள இரவு விடுதி. இருந்தாலும் இரண்டும் செய்த காரியம் ஒன்றுதான். கலைஞனுக்கு மேடையும் ஊதியமும், கேட்பவனுக்கு ஒரு நாற்காலியும் கொடுத்தன.

1931இல் சாக்ஸபோன் கலைஞர் மைரன் சட்டன் 'கனடியன் அம்பாசடர்ஸ்' என்ற கறுப்பினக் குழுவை உருவாக்கினார். 1946இல் அமெரிக்க டிரம்பெட் கலைஞர் லூயிஸ் மெட்காஃப் இங்கே வந்து பல இனத்தவரையும் சேர்த்து 'இன்டர்நேஷனல் பேண்ட்' அமைத்தார். மலைத் தெருவில் இருந்த கஃபே செயின்ட் மிஷேல்தான் அவர்கள் இடம். பீபாப் எனப்படும் புதுப்பாணி ஜாஸ் கனடாவில் காலூன்றியது அங்கேதான். மற்ற விடுதிகளில் வேலை முடித்த இளைஞர்கள் நள்ளிரவுக்குப் பின் இங்கே வந்து சேர்ந்து வாசிப்பார்கள். அதற்கு ஜாம் செஷன் என்று பெயர்.

இந்த ஜாம் செஷனின் முக்கியத்துவத்தைப் புரிந்துகொள்ள ஜாஸின் அமைப்பைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். பெரும்பாலும் முப்பத்திரண்டு அளவைகள் கொண்ட ஒரு பாட்டை எடுத்துக்கொள்வார்கள். முதலில் மெட்டை வாசிப்பார்கள். பிறகு அந்தப் பாட்டின் சுர அடுக்குகள் மட்டும் திரும்பத் திரும்பச் சுழல, ஒவ்வொருவராக அதன்மேல் அப்போதைக்கப்போது கற்பனை செய்து வாசிப்பார்கள். டிரம்ஸ் கலைஞரோடு நான்கு நான்கு அளவைகளாக மாற்றி மாற்றி வாசிப்பதும் உண்டு. கல்பனாஸ்வரத்தையும், மிருதங்கமும் கடமும் குறைத்துக்கொண்டே வரும் தனி ஆவர்த்தனத்தையும் கேட்டவர்களுக்கு இது உடனே பிடிபடும். இப்படிப்பட்ட இசையை அறைக்குள் தனியாக உட்கார்ந்து பாதிதான் கற்க முடியும். மீதிப் பாதியைத் தன்னைவிடப் பெரியவர்களோடு, ஆட்கள் முன்னால், தப்பு செய்து செய்துதான் கற்க வேண்டும். அதனால்தான் ஜாஸுக்கு 'உள்ளூர்' என்பது தவிர்க்க முடியாத தேவை ஆகிறது. இசைத்தட்டு உலகம் முழுதும் போகும். ஜாம் செஷனுக்கு ஒரு அறையும், அதே ஊரில் வசிக்கும் பத்துப் பேரும் வேண்டும்.

இதை நன்கு உணர்ந்தவர் மாண்ட்ரியலில் 1932இல் பிறந்த பியானோக் கலைஞர் பால் பிளே. ஆஸ்கார் விட்டுச்சென்ற ஆல்பர்ட்டா லவுஞ்ச் இடத்தைப் பதின்வயதிலேயே நிரப்பியவர். விடுதி முதலாளிகளை நம்பியிருக்காமல் கலைஞர்களே சேர்ந்து நடத்தும் 'ஜாஸ் வொர்க்‌ஷாப்' என்ற அமைப்பை 1950களின் தொடக்கத்தில் நண்பர்களோடு உருவாக்கினார். 1953 பிப்ரவரியில் சார்லி பார்க்கரை நியூயார்க்கிலிருந்து அழைத்துவந்து உள்ளூர்க் கலைஞர்களோடு வாசிக்கவைத்தது இந்த அமைப்புதான்.

இடிப்பு

அதற்கடுத்த பத்தாண்டுகளில் ஒவ்வொன்றாக உதிர்ந்தது. 1952இல் தொலைக்காட்சி வந்தது. மக்கள் வீட்டோடு இருக்கத் தொடங்கினார்கள். 1954இல் ஊழல் ஒழிப்பையும் ஒழுக்கத்தையும் முழங்கி ஜான் ட்ராப்போ மேயரானார். சூதாட்டத்துக்கும் விபச்சாரத்துக்கும் எதிராகத் தொடங்கிய நடவடிக்கைகளில் இரவு விடுதிகளின் பொருளாதாரமும் சேர்ந்து சாய்ந்தது. ராக்ஹெட்டின் மது உரிமம் பறிக்கப்பட்டுப் பல ஆண்டுகள் திரும்பக் கிடைக்கவில்லை. விமானமும் காரும் பெருகியதால் ரயில்வேயில் போர்ட்டர் வேலையும் அருகியது.

கடைசி அடி 1960களின் நகர்ப்புறச் சீரமைப்பு. பழைய வீடுகள் இடிக்கப்பட்டன. 1970இல் வில்-மாரி விரைவுச்சாலைப் பணி தொடங்கி, வட்டாரத்தின் வடக்கு விளிம்பை வெட்டிக்கொண்டு போனது. குடும்பங்கள் நகரின் நாலா பக்கமும் சிதறின. வீடுகளைக் கட்டித்தர முடியும்; தேவாலயம், ஆசிரியை, விடுதி எல்லாம் நடக்கும் தொலைவில் இருந்த அந்த நெருக்கத்தை எந்தத் திட்டத்தாலும் திருப்பிக் கட்ட முடியவில்லை. நீக்ரோ சமூக மையம் 1990களின் தொடக்கத்தில் மூடப்பட்டது. கவனிப்பாரற்றுக் கிடந்த அதன் கட்டடத்தின் ஒரு சுவர் 2014 ஏப்ரலில் சரிந்தது. அந்த ஆண்டு இறுதியில் கட்டடம் முழுவதும் இடிக்கப்பட்டது.

இந்த இடைக்காலத்தின் இழப்பை உணர்த்த ஒரு பெயர் போதும்: நெல்சன் சைமண்ட்ஸ் (1933–2008). நோவா ஸ்கோஷியாவிலிருந்து வந்த கிடார் கலைஞர். கேட்டவர்கள் எல்லோரும் வியந்தார்கள். மாண்ட்ரியலின் சிறு விடுதிகளிலேயே வாழ்நாளைக் கழித்தார். அவர் விட்டுச்சென்ற பதிவுகள் மிகச் சில. பதிவுசெய்ய ஒரு நிறுவனமும், எழுதிவைக்க ஒரு விமர்சகரும் இல்லாத ஊரில் இரவு வாசித்தது விடியும்போது காற்றோடு போய்விடுகிறது.

விழாவும் விழாவுக்கு வெளியேயும்

அந்த வறண்ட காலத்தில் இசையைக் கைவிடாமல் வைத்திருந்தவர் சார்லி பிடில் (1926–2003). ஃபிலடெல்பியாவிலிருந்து 1948இல் ஒரு குழுவோடு வந்து, இங்கேயே தங்கிவிட்ட பேஸ் வாத்தியக்காரர். பல ஆண்டுகள் கார் விற்பனையாளராகவும் வேலை செய்தார். அமெரிக்கக் கலைஞர்களை வரவழைப்பார். உள்ளூர்க்காரர்களுக்கு வேலை பிடித்துக்கொடுப்பார். 1979இல் அவர் நடத்திய மூன்று நாள் உள்ளூர் ஜாஸ் விழா, பெரிய விழாவுக்கு முன்னோடி. 1981இல் அவர் பெயரில் 'பிடில்ஸ்' விடுதி திறக்கப்பட்டது. பதினைந்து ஆண்டுகளுக்கும் மேல் போர்ட்டோ ரிக்கோவில் பிழைப்புக்காக வாசித்துவிட்டு ஊர் திரும்பியிருந்த ஆலிவர் ஜோன்ஸ் அங்கே அமர்ந்தார். கேட்க வந்த ஜிம் வெஸ்ட், அந்த வாசிப்பைப் பதிவுசெய்து 1983இல் 'ஜஸ்டின் டைம்' என்ற இசை நிறுவனத்தையே தொடங்கினார். ஐம்பது வயதை நெருங்கிய ஜோன்ஸ் அதற்குப் பிறகுதான் உலக மேடைகளுக்குப் போனார். ஒரு சிறு விடுதி, ஒரு கேட்பவர், ஒரு பதிவு. முப்பது ஆண்டுகளுக்கு முன் அறுந்த சங்கிலி அங்கே மீண்டும் கோக்கப்பட்டது.

அலன் சிமார், ஆந்த்ரே மேனார் முதலியோர் தொடங்கிய மாண்ட்ரியல் சர்வதேச ஜாஸ் விழாவின் முதல் ஆண்டில், 1980இல், ரே சார்ல்ஸ் பாடினார். 2004இல் உலகின் மிகப் பெரிய ஜாஸ் விழா என்று கின்னஸ் புத்தகத்தில் இடம்பெற்றது. நிகழ்ச்சிகளில் பெரும்பகுதி தெருவில், இலவசம். 1989இல் ஆஸ்கார் பீட்டர்சன் பெயரில் விருதும் ஏற்படுத்தினார்கள். இந்த விழாவைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. லட்சக்கணக்கானவர்களின் காதில் ஜாஸைப் போட்டது அதுதான். ஆனால் பத்து நாள் விழா, மீதி முந்நூற்று ஐம்பத்தைந்து நாட்களுக்குச் சோறு போடாது. விழாவில் தங்களுக்கு உரிய இடமில்லை என்று கருதிய உள்ளூர்க் கலைஞர்கள் 2000ஆம் ஆண்டில் 'ஆஃப் ஜாஸ்' என்ற தனி விழாவைத் தாங்களே ஏற்பாடு செய்துகொண்டார்கள். மார்கழி சீசனில் சென்னைக்குப் பறந்துபோகும் நம் ரசிகர்களுக்கும் இந்தக் கணக்கு தெரியும். ஆடி மாதத்துச் செவ்வாய்க்கிழமைக் கச்சேரிக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்பதும் தெரியும்.

இன்று கல்வியைப் பொறுத்தவரை குறையில்லை. மெக்கில், கான்கார்டியா பல்கலைக்கழகங்களில் ஜாஸ் படிக்கலாம். மாண்ட்ரியல் ஜாஸின் வரலாற்றை 1988இல் நூலாக எழுதிய ஜான் கில்மோரின் சேகரிப்பும் கான்கார்டியாவின் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. லிட்டில் பர்கண்டியில் ஆஸ்காருக்கும் டெய்சிக்கும் சுவரோவியங்கள் இருக்கின்றன. மக்கே தெருவில் 'அப்ஸ்டேர்ஸ்' போன்ற சிறு விடுதிகளில் வாசிப்பு நடக்கிறது. பட்டம் பெற்று வருகிறவர்கள் அதிகம். அவர்கள் வாசிக்கும் மேடைகளும் கேட்கும் காதுகளும் குறைவு என்பதே இன்றைய சிக்கல்.

நம் பங்கு

எங்களைப் போன்ற புறநகர்வாசிகள் இதில் என்ன செய்ய முடியும்? பெரிதாக எதுவும் வேண்டாம். மாதம் ஒருமுறை, வாரநாள் இரவில், பெயர் தெரியாத உள்ளூர்க் குழுவைக் கேட்கப் போகலாம். நுழைவுக் கட்டணத்தை முணுமுணுக்காமல் கொடுக்கலாம். சில இடங்களில் அந்தப் பணம் நேரே கலைஞர்களின் கைக்குப் போகிறது. வாசிக்கும்போது பேசாமல் இருக்கலாம். பிடித்திருந்தால் குறுந்தட்டையோ இணையப் பதிவையோ விலைகொடுத்து வாங்கலாம். அடுத்த முறை பிள்ளைகளையும் அழைத்துப்போகலாம். வீட்டு விசேஷங்களுக்கு ஒலிபெருக்கியும் மடிக்கணினியும் வைத்துச் சினிமாப் பாட்டைப் போடுவதற்குப் பதில் மூன்று இளைஞர்களை அழைத்து வாசிக்கச் சொல்லலாம்.

நமக்கும் ஜாஸுக்கும் உறவே இல்லை என்று யாராவது சொன்னால், 1970களின் 'சக்தி' குழுவில் ஜான் மெக்லாஃப்லினோடு வாசித்த விக்கு விநாயகராமையும் எல். சங்கரையும், தமிழ்ப் பெற்றோருக்கு அமெரிக்காவில் பிறந்த பியானோக் கலைஞர் விஜய் ஐயரையும் சுட்டிக்காட்டலாம். 1971 முதல் டொரான்டோவின் யார்க் பல்கலைக்கழகத்தில் மிருதங்கம் கற்பித்த திருச்சி சங்கரனையும் சொல்லலாம். டெய்சி ஸ்வீனியின் வேலையை நம் இசைக்காகக் கனடாவில் செய்தவர்களில் முக்கியமானவர் அவர்.

ஆனால் இந்தக் கதையிலிருந்து நாம் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி வேறு. நம் பிள்ளைகள் பத்து வருடம் பாட்டும் பரதமும் கற்கிறார்கள். மண்டபம் எடுத்து, சென்னையிலிருந்து பக்கவாத்தியக்காரர்களை வரவழைத்து, கல்யாணச் செலவில் அரங்கேற்றம் நடத்துகிறோம். நம்மிடம் ஆசிரியர்கள் இருக்கிறார்கள், சம்பளம் இருக்கிறது, கோயில்களும் இருக்கின்றன. போர்ட்டர்களிடம் இருந்ததைவிட வசதி அதிகம். இல்லாதது அரங்கேற்றத்துக்கு மறுவாரம் அந்தப் பிள்ளை வாசிப்பதற்கு ஒரு சின்ன அறையும், அங்கே வந்து உட்காரும் முப்பது பேரும்தான். செயின்ட் அந்துவான் தெருவில் அந்த அறை இருந்தவரை இசை இருந்தது. நம் கோயில் மண்டபத்தில், நூலகத்தின் கூட்ட அறையில், யாராவது ஒருவர் வீட்டு அடித்தளத்தில், மாதம் ஒருமுறை அதைத் திறந்துவைக்க எந்த அரசு மானியமும் தேவையில்லை.